தூம்பேந்தலில் யாரும் நடப்பதில்லை

தூம்பேந்தலில் ஒருவர் நடந்து போனால் அதற்கு இரண்டே காரணங்கள்தான் இருக்க முடியும். வண்டி வழியில் நின்றிருக்க வேண்டும். இல்லாவிட்டால் வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு கிளம்பியிருக்க வேண்டும். பக்கத்துத் தெருவுக்கு மோர் வாங்கப் போகிறவரைக்கூடப் பின்னால் வரும் வண்டிக்காரர் விடமாட்டார். "ஏறு, ஏறு" என்று முன்சக்கரத்தைக் காலருகே கொண்டுவந்து நிறுத்துவார்.

இப்படிப்பட்ட ஊரில்தான் ஆட்களை நடக்க வைத்துப் பிழைப்பது என்று ஆதிமூலம் முடிவெடுத்தார்.

இருபத்தாறு வருஷம் கீழ்பென்னாத்தூருக்கும் திருவண்ணாமலைக்கும் வேன் ஓட்டியவர். பன்னிரண்டு பேர் உட்காரும் வண்டியில் இருபத்திரண்டு பேரை ஏற்றி, "இன்னும் ஒரு ஆள் ஒக்காரலாம், கொஞ்சம் நவுரு" என்று சொல்லியே தலை நரைத்தவர். போன தை மாதம் வலது கண் மங்கியது. இனி வண்டியைத் தொடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வேனை மச்சான் மூர்த்தியிடம் கொடுத்துவிட்டு ஐந்து மாதம் வீட்டில் உட்கார்ந்தார். உட்கார்ந்து உட்கார்ந்து, உலை கொதிப்பதற்கு முன்பே "கொதிக்கப் போவுது பாரு" என்று சொல்லி மனைவியிடம் திட்டு வாங்கும் நிலைக்கு வந்துவிட்டார்.

மகள் கவிநிலாதான் வழி சொன்னாள். அந்தக் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள், அதுவும் வரலாற்றில். "நம்மூர்ல நடுகல் இருக்கு, ஏரித் தண்ணி தெறந்துவுடுற தூம்புல கல்வெட்டு இருக்கு. வெளியூர்க்காரங்கள மெதுவா நடத்திக் கூட்டினு போயி காட்டுப்பா" என்றாள். சொல்ல வேண்டியதை நான்கு பக்கத்தில் எழுதியும் கொடுத்தாள். ஆதிமூலம் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குக்கூட அப்படி உருப்போட்டதில்லை.

திருவண்ணாமலையில் செங்கம் சாலையில் விடுதி நடத்தும் வேதாவுக்குப் பல வருஷம் வேனில் ஆள் கொண்டுவந்து விட்டவர் அவர். "மொதல்ல ரெண்டு பேர அனுப்புறேண்ணா. நல்லா இருக்குன்னு அவங்க சொன்னா ஞாயித்துக்கெழமை தவறாம ஆள் வரும். இல்லன்னா என்னைத் தப்பா நெனைக்காதீங்க" என்று வேதா கறாராகச் சொல்லிவிட்டாள்.

அந்த இரண்டு பேர் சென்னையிலிருந்து வந்த தம்பதி. சரோஜா ஓய்வுபெற்ற ஆசிரியை. கணவர் இராமலிங்கம், யார் எதைச் சொன்னாலும் தலையாட்டியே நாற்பது வருஷக் குடித்தனம் நடத்தியவர்.

காலை ஏழு மணிக்கு மூவரும் புறப்பட்டார்கள். இருபது அடி போவதற்குள் ஊர்க்காரி கஸ்தூரி ஸ்கூட்டியை நிறுத்தினாள். "இன்னாணா, வேன் எங்க நின்னுபோச்சு?"

"எங்கயும் நிக்கல. சும்மா நடக்குறோம்."

"சும்மாவா?" கஸ்தூரி சரோஜாவின் முகத்தைப் பரிதாபமாகப் பார்த்தாள். "வெளியூர்க்காரங்கள இப்படியாணா இழுத்தடிக்கிறது?"

அடுத்த தெருவில் ஒரு டிராக்டர், அதற்கடுத்து இரண்டு பைக்குகள். ஒவ்வொன்றையும் கும்பிட்டு அனுப்பிவிட்டு, ஒருவழியாகப் புளியமரத்தடி வேடியப்பன் நடுகல்லிடம் வந்து சேர்ந்தார் ஆதிமூலம். அவர் செருமிக்கொண்டார்.

"மாட்ட ஓட்டினு போன கும்பல இவரு ஒண்டியா தொரத்தினு போனாருங்கம்மா. மாட்ட மீட்டுட்டாரு, உசுர விட்டுட்டாரு. அவருக்கு நட்ட கல்லு இது. நாங்க சாமியா கும்பிடுறோம்."

"எழுத்து எங்க இருக்கு?"

"மஞ்சளுக்கு அடியில இருக்குங்கம்மா. எங்காளுங்க பூசுன மஞ்சள் ஜாஸ்தி, தெரியிற எழுத்து கம்மி."

சரோஜா சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பில் ஞாயிற்றுக்கிழமைகள் வரிசையாக ஆதிமூலத்தின் கண்முன் வந்து நின்றன. உற்சாகமாகத் திரும்பினார்.

இராமலிங்கத்தைக் காணோம்.

"அந்தப் பெரியவரா?" என்றாள் எதிர்வீட்டு வாசலில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த பெண். "சக்திவேலு பால் கேனோட கீழ்பென்னாத்தூர் போனான். பாவம், நின்னுனே இருக்காரேன்னு ஏத்தினு போயிட்டான்."

"ஃபோன் போடுங்க!" என்றார் ஆதிமூலம். சரோஜா கைப்பையைத் திறந்து காட்டினார். கணவரின் ஃபோன் அதற்குள்தான் இருந்தது.

சக்திவேல் வண்டி ஓட்டும்போது ஃபோன் எடுக்க மாட்டான். மற்ற நாளாக இருந்தால் ஊரே மெச்சும் குணம். வரலாறு காட்டுகிறேன் என்று கூட்டிவந்து, வந்தவரையே தொலைத்தாயிற்று. வேதாவுக்கு என்ன பதில் சொல்வது?

கடைசியில் ஆதிமூலம் மச்சானை ஃபோனில் கூப்பிட்டார். "மூர்த்தி, கீழ்பென்னாத்தூர் பஸ் ஸ்டாண்டுல வெள்ளத் தொப்பி போட்ட ஒரு சார் இருப்பாரு. யார் எங்க கூப்ட்டாலும் போயிடுவாரு. சீக்கிரம் புடிடா!"

"இதோ டீக்கடையில போண்டா துன்னுனு இருக்காரு மாமா. ஏத்தினு வரேன்."

சரோஜா நிதானமாகக் கைப்பையை மூடினார். "வர்ற வரைக்கும் நாம ஏன் நிக்கணும்? தூம்பு எங்க?"

இருவரும் ஏரிக்கரையில் ஏறினார்கள். தூம்புக் கல்லை அடைந்தபோது மூர்த்தியின் வேன் கரையோரம் வந்து நின்றது. கடலை மூட்டைகளுக்கு நடுவிலிருந்து இராமலிங்கம் இறங்கினார். "நடையில பால் வண்டி, வேன் எல்லாம் சேர்த்தின்னு நெனச்சேன்" என்றார் வெள்ளந்தியாக. அவருக்குப் பின்னால், என்ன விசேஷம் என்று பார்க்க, வேனில் இருந்த அத்தனை பேரும் இறங்கினார்கள்.

ஆதிமூலம் தலைகளை எண்ணிப் பார்த்தார். இரண்டு பேருக்கென்று மனப்பாடம் செய்தது. இப்போது எதிரே பதினெட்டு பேர். அதிலும் பாதிப்பேர் அவரை அரைக்கால் டவுசரில் பார்த்தவர்கள். வேறு வழியில்லாமல் கல்வெட்டில் இருந்ததைச் சொல்லத் தொடங்கினார். ஏரியைத் தூர்வாரக் கொடுத்த நிலம், மடையைக் காத்தவனுக்குக் கொடுத்த நெல், இதைக் கெடுத்தவன் பாவத்தில் போவான் என்ற கடைசி வரி.

"இந்தக் கல்லுமேல துணி தொவச்சா அதுவும் பாவத்துல சேர்த்தியா மாமா?" என்றான் மூர்த்தி.

"நேத்து வரைக்கும் தொவச்சது போவட்டும். இனிமே தொவச்சா உண்டு."

எல்லோரும் சிரித்தார்கள். இருந்தாலும் ஒரு பெண் சத்தமில்லாமல் கல்லிலிருந்து காலை எடுத்துக்கொண்டாள்.

மத்தியானம் வேதா கூப்பிட்டாள். "அந்தம்மாவுக்கு ரொம்பப் பிடிச்சிருக்குண்ணா. அடுத்த ஞாயிறு ஆறு பேர் வராங்க. ஆனா ஒண்ணு, கூட்டினு வந்த ஆளுங்க கூடவே இருக்கணும்."

சாயங்காலம் மாரியம்மன் கோயில் மைக்கில் ஆதிமூலத்தின் குரல் கேட்டது. "ஊர்ப் பொதுமக்களுக்கு அறிவிப்பு. ஞாயித்துக்கெழமை காலையில யாராச்சும் நடந்து போனாங்கன்னா, அவங்களுக்கு ஒரு கஷ்டமும் இல்ல. தயவுசெஞ்சு யாரும் வண்டியில ஏத்தாதீங்க."

கோயில் வாசலில் நின்ற கஸ்தூரிக்கு மனசு ஒப்பவில்லை. "அது எப்படிணா? கால் வலிக்குதுன்னு சொன்னாக்கூடவா?"

ஆதிமூலம் கொஞ்சம் யோசித்தார். பிறகு மைக்கை மறுபடியும் தட்டினார். "என்னைக் கேட்டுட்டு ஏத்துங்க."