லைனில் மிதந்த துணி

"போன்ல நெசம் பேசுற மனுசன் இன்னும் பொறக்கல. பொறந்திருந்தா கூட்டியாங்க, அவன் கால்ல விழுந்து கும்புடுதேன்!"

ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்யும் பன்னிரண்டு விசைத்தறிகளின் உரிமையாளர் காளிராஜ், தமக்கு டெலிபோன் வந்த 1986-ஆம் ஆண்டில், டீக்கடையில் கூடியிருந்தோர் முன்னிலையில் இந்தப் பிரகடனத்தை வெளியிட்டார். டீக்கடைக்காரர் மறுத்துப் பேசவில்லை. பேசியிருந்தால் டீத்தூளில் ஏதோ கலப்படம் என்று காளிராஜ் அந்த இடத்திலேயே தீர்ப்பெழுதியிருப்பார்.

சந்தேகத்தை அவர் ஒரு குணமாக அல்ல, தொழிலாகவே செய்துவந்தார். பஸ் டிக்கெட்டை வெயிலுக்குக் காட்டிப் பார்ப்பார். பால்கோவாவை மேலே ருசி பார்த்தது போதாதென்று அடியிலும் தோண்டிப் பார்ப்பார். போன் அடித்தால் "அலோ" என்று சொல்லும் வழக்கமே கிடையாது. முதலில் பரீட்சை வைப்பார். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து அவருடைய துணியை வாங்கி, வெட்டிச் சுருட்டி ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்பும் ஜெய்னுலாப்தீன் கூப்பிட்டாலும் அதே கதிதான்.

"பாய்தான் பேசுறீயன்னு எப்படி நம்புறது? உங்க கடைக்கு எதிர்த்தாப்ல என்ன கடை?"

"சைக்கிள் கடை, அண்ணாச்சி."

"சரி, சொல்லுங்க."

இப்படி ஆறேழு வருடம் சைக்கிள் கடையின் சாட்சியத்தில் வியாபாரம் ஒழுங்காக நடந்தது.

இடையில் காளிராஜின் பார்வை தம்மிடம் வேலை பார்த்த சமுத்திரத்தின் மேல் விழுந்தது. நெய்த துணியைக் காஸ்டிக் சோடாவில் வேகவைத்து வெளுப்பவர் சமுத்திரம். பஞ்சிலுள்ள எண்ணெய்ப் பசை அந்தச் சோடாவில் வெந்து போனால்தான் துணி தண்ணீரைக் குடிக்கும். குடித்தால்தான் காயத்து ரத்தத்தை உறிஞ்சும். சமுத்திரம் புதுச் சட்டை போட்டு வந்த ஒரு திங்கட்கிழமை, அந்தச் சட்டை தம் சோடாவை விற்ற காசில் தைத்தது என்று காளிராஜ் கண்டுபிடித்தார். சோடா டிரம்முக்குப் பூட்டு வந்தது. சாவி முதலாளியின் அரைஞாண் கயிற்றுக்கு ஏறியது. அன்றுமுதல் அவரே அளந்து கொடுத்தார்.

"மொதலாளி, இம்புட்டுப் போட்டாப் பத்தாது. துணி தண்ணி குடிக்காது."

"நீ குடிக்காம இருந்தாச் சரிதாம்லே."

வெந்த துணியில் துண்டு வெட்டித் தண்ணீரில் போட்டுப் பார்க்கும் வழக்கத்தையும் நிறுத்தினார். சோதனை என்ற பெயரில் துண்டு துண்டாகத் துணி சமுத்திரத்தின் வீட்டுக்குப் போகிறதாம்.

அடுத்துக் கட்டிப் போன துணிப் பேல்கள் அத்தனையும் வேண்டாமென்று ஜெய்னுலாப்தீன் சொல்லிவிட்டார். துணி மிதக்கிறதாம்.

"மிதக்குதா? வெலை எறங்கிருச்சு, கழட்டிவிடப் பாக்காரு!" என்றார் காளிராஜ். துணியைப் போட்டுப் பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. எதிராளியின் மனத்தையே பார்த்தவருக்குத் துணியை வேறு பார்ப்பானேன்?

இருவருக்கும் எழுத்தில் ஒப்பந்தம் இருந்தது. தகராறு வந்தால் கோர்ட்டுக்குப் போவதில்லை. மதுரையில் மில் வீவிங் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்ற வைகுண்டராஜ் சொல்வதே முடிவு. முடிவு காளிராஜுக்கு எதிராகப் போனால் ஒப்பந்தம் முறியும். வேறு ஆர்டர் இல்லாத பன்னிரண்டு தறியும் நிற்கும். அந்த நேரம் பார்த்து மத்தியஸ்தர் குளியலறையில் வழுக்கிக் காலை ஒடித்துக்கொண்டார். மழைக்கு முன் முடிக்காவிட்டால் பேல்கள் பூசணம் பிடிக்கும். ஆகவே வெளியூர் லைன் போட்டுத்தரும் டிரங்க் ஆபரேட்டரைக் கெஞ்சி, மூன்று ஊர் லைனையும் ஒன்றாகப் போட்டு, போனிலேயே விசாரிப்பது என்று ஜெய்னுலாப்தீன் யோசனை சொன்னார்.

"பாத்தியா, முகத்தக் காட்டப் பயம்!" என்றார் காளிராஜ், தம் மனைவி இசக்கியம்மாளிடம்.

"நீங்களும்தான காட்டப்போறதில்ல?" என்றாள் அவள். அவளையும் அவர் சந்தேகப் பட்டியலில் சேர்த்துக்கொண்டார்.

தகராறுக்குரிய பேலிலிருந்து இரு தரப்பும் சேர்ந்து வெட்டிய துண்டுகள் ஆளுக்கொன்றாக அரக்கு முத்திரையிட்ட கவரில் இருந்தன. விசாரணை நாளன்று காளிராஜ் எல்லாரையும் வெளியேற்றி, கதவைத் தாழிட்டு, ஜன்னலையும் சாத்தினார். எதிரே வாளியில் தண்ணீர். சட்டைப் பையில் பழைய பேலிலிருந்து எடுத்த நல்ல துண்டு ஒன்று. எதிராளியும் துண்டை மாற்றத்தான் போகிறான் என்று உறுதியாகத் தெரிந்திருந்ததால், இதை அவர் நியாயத்தின் கணக்கிலேயே வைத்திருந்தார்.

மணி அடித்தது.

"மதுரையில பேசுறது வைகுண்டராஜ்தான்னு நான் எப்படி நம்புறது?"

"கால ஒடிச்சுக்கிட்டு போனுக்குப் பக்கத்துலயே கெடக்கவன் வேற எவன்யா இருப்பான்? கவரப் பிரி. துண்டத் தண்ணியில போடு. பத்து எண்ணுறேன், அதுக்குள்ள முங்கணும்."

எண்ணி முடித்தார். "பாய், நீங்க சொல்லுங்க."

"மிதக்குது சார்."

காளிராஜ் சிரித்துக்கொண்டார். அவர் இன்னும் எந்தத் துண்டையும் போடவில்லை. எதிராளியின் பொய்யை முழுசாக ரசிக்க வேண்டுமே என்று, முத்திரையை உடைத்து அசல் துண்டையே வாளியில் போட்டார்.

மிதந்தது.

விரலால் அமுக்கினார். முங்கி, மறுபடி மேலே வந்து அவரைப் பார்த்தது. தண்ணீரைச் சந்தேகித்தார், குடத்திலிருந்து வேறு தண்ணீர் மாற்றினார். மிதந்தது. முத்திரையைச் சந்தேகித்தார், உடைந்த அரக்கில் அவருடைய கட்டைவிரல் ரேகையே பதிந்திருந்தது. அந்த அறையில் சந்தேகப்பட வேறு ஆள் இல்லை. குனிந்தபோது அரைஞாண் கயிற்றுச் சாவி வயிற்றில் குத்தியது.

"என்னய்யா காளிராஜ், சத்தத்தையே காணோம்?"

பையில் நல்ல துண்டு இருந்தது. 'முங்கிருச்சு' என்று சொல்ல அதுகூடத் தேவையில்லை.

"சார்," என்று ஜெய்னுலாப்தீன் குறுக்கிட்டார். "அண்ணாச்சி என்ன சொல்லுதாகளோ அத அப்படியே எழுதிக்கோங்க. எனக்குச் சம்மதம்."

இதில் என்ன சூது என்று காளிராஜ் தேடினார். மதுரையிலிருந்து தண்ணீர் செம்பை வைக்கும் ஓசை கேட்கும் வரை தேடினார். கிடைக்கவில்லை.

"மிதக்குது சார்."

பிறகு ஜெய்னுலாப்தீனின் குரல், வாழ்க்கையில் முதல்முறையாகச் சந்தேகத்தோடு வந்தது: "பேசுறது காளிராஜ் அண்ணாச்சிதானா? எங்கடைக்கு எதிர்த்தாப்ல என்ன கடை?"

"சைக்கிள் கடை பாய். சோடாவக் கொறச்சது நாந்தான். சமுத்திரம் அப்பவே சொன்னான்."

வைகுண்டராஜ் செருமினார். பேல்கள் திரும்ப ராஜபாளையம் வர வேண்டும். முழுச் சோடாவில் மறுபடி வேக வேண்டும். முங்கினால் ஒப்பந்தம் நிலைக்கும், இல்லாவிட்டால் முறியும் என்று சொன்னார்.

"முங்குச்சான்னு பாக்க ஆள் அனுப்புறீயளா பாய்?" என்றும் கேட்டார்.

"எதுக்கு சார்? அவிய போன்ல சொன்னாப் போதும்."

பேல்கள் வந்தன. சாவி அரைஞாண் கயிற்றிலிருந்து இறங்கிச் சமுத்திரத்தின் கைக்குப் போனது. வெந்த துணியில் துண்டு வெட்டி, காளிராஜே தண்ணீரில் போட்டு எண்ணினார். பிறகு ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போன் போட்டார்.

"பாய், முங்குது. ஆனா பன்னெண்டு எண்ணவேண்டியிருக்கு. இன்னொரு வேக்காடு வச்சிட்டுச் சொல்லுதேன்."