கண்மாய் வழக்கைத் தேடிப் புதுக்கோட்டைக்கு

காலை ஏழு மணிக்குத் திருச்சியில் பேருந்து ஏறினேன். புதுக்கோட்டை ஐம்பத்து மூன்று கிலோமீட்டர். சீட்டு நாற்பத்தைந்து ரூபாய். பையில் மகளின் கல்யாணப் பத்திரிகை ஒன்று, பெயர் எழுதாமல் இருந்தது. அது அரிமளத்துப் பங்காளிகளுக்கு. மன்னர் காலத்தில் அப்பாவின் தாத்தாவும் அவர் தம்பியும் கண்மாய்த் தண்ணீருக்காகக் கோர்ட்டுக்குப் போனார்கள். அன்றிலிருந்து இரு வீட்டுக்கும் பேச்சில்லை. எனக்கோ அவர்கள் கல்யாணத்துக்கு வர வேண்டும்.

அப்பா மசியவில்லை. "அவுக தோத்தவுக. தோத்தவுகதான் மொதல்ல வரணும். நம்பலைன்னா தீர்ப்ப எடுத்துப் பாரு."

எட்டே முக்காலுக்குப் புதுக்கோட்டையில் இறங்கிக் கோர்ட்டுக்கு ஆட்டோ பிடித்தேன், அறுபது ரூபாய். "கோர்ட்டுல என்னண்ணே, கேஸா?" என்றார் ஓட்டுநர். எங்கள் தாத்தாவின் அப்பா காலத்து வழக்கு என்றேன். "அடேயப்பா, இன்னுமா வாய்தா வாங்குறீங்க!" என்று சிரித்தார்.

நகல் கேட்டுப் பத்து நாள் முன்பே மனு கொடுத்திருந்தேன். பத்தரைக்குப் பதிவறை வாசலில் நின்றபோது மலைத்துப் போனேன். தரையிலிருந்து கூரைவரை துணியில் கட்டிய மூட்டைகள். திருமயம், பொன்னமராவதி என்று ஊர் ஊராகச் சீட்டு. இத்தனை பேர் கோபமும் இவ்வளவு அமைதியாக அடுக்கி வைக்கப்பட்டிருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

பதிவறையைப் பார்த்துக்கொள்ளும் அம்மா ஒரு கட்டோடு வந்தார். "இங்கிட்டு ஒக்காருங்க சார். நீங்க கேட்ட தீர்ப்பு இதுல இல்லீங்க."

என் மனுவின் நகலை எடுத்து நீட்டினேன்.

"கேஸு ராஜியில முடிஞ்சிருக்கு. சமாதானமாப் போயிட்டாங்க. அப்ப ராஜி மனுன்னுல்ல கேக்கணும்? எல்லாரும் தீர்ப்புன்னே எழுதிட்டு வர்றீங்க."

அங்கேயே புதிதாக மனு எழுதி ஸ்டாம்பு ஒட்டினேன். அவர் கட்டைப் பிரித்துக் காட்டினார். நாலு நாள் அண்ணனுக்கு, நாலு நாள் தம்பிக்கு என்று தண்ணீர் முறை எழுதியிருந்தது. அடியில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கைநாட்டு. புகைப்படத்தில்கூடப் பார்த்திராத என் கொள்ளுத்தாத்தாவின் விரல் ரேகை, நேற்று வைத்ததுபோல் தெளிவாக இருந்தது. என்னை அறியாமல் கும்பிட்டேன்.

"தொடலாமாம்மா?"

"வேணாம் சார், பொடிஞ்சுரும். கண்ணாரப் பாத்துக்கங்க."

கோர்ட்டில் கூடிய கைகள் ஊரில் ஏன் கூடவில்லை என்பதற்கு அந்தக் கட்டுக்குள் பதில் இல்லை.

ஒரு மணிக்கு வராந்தாவிலிருந்து அப்பாவுக்குப் போன் செய்து எல்லாம் சொன்னேன்.

"யாரு ரேகை மேல இருக்கு?"

"ரெண்டும் ஒரே வரிசையில இருக்குப்பா."

"அப்ப யாருமே தோக்கலையா?"

"இல்லப்பா."

அப்பா மணி என்ன என்று கேட்டார். ஒன்று தாண்டிவிட்டது என்றேன்.

"அங்கனேருந்து அரிமளத்துக்கு பஸ் இருக்கும்ல? போயிட்டு வா. பத்திரிகையக் குடுக்கயில, நானே வந்ததாச் சொல்லு."