மேப்பில் ஏறிய வரப்பு

அம்சவள்ளி அக்காவின் வயலுக்குச் சொந்த வழி கிடையாது. அந்த நிலம் அவருக்குக் கிடைத்ததே அதனால்தான். ரஞ்சன்குடிப் பக்கம் எங்கள் ஊருக்குக் கிழக்கே, மொட்டைப் பாறையின் அடியில் இருக்கிறது அந்தத் துண்டு. மூன்று பக்கமும் அடுத்தவர் காடு, பின்னால் பாறை. ஊரைவிட்டுப் போய்விட்ட ஒருவர் அதை விற்க வந்தபோது யாரும் சீண்டவில்லை. தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் காட்டில் கூலி வேலை செய்த குடும்பம் அக்காவுடையது. "வழி இல்லாட்டி என்ன, மண்ணு இருக்குல்ல" என்று அவர் வாங்கிவிட்டார். கணவர் பெயர் பாவாடை, அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறார். அதனால் வயல் முழுக்க அக்காவின் பொறுப்பு. சின்ன வெங்காயம்தான் போடுவார்.

முன்னால் இருப்பது அய்யம்பெருமாளின் மக்காச்சோளக் காடு. அதன் ஓரத்தில் ஓடும் அகலமான வரப்பு வழியாகத்தான் அக்கா போய்வர வேண்டும். நிலம் வாங்கியதும் அவரிடம் போய்க் கேட்டார். "போ, வா. யாரு வேணாம்னா?" என்றார் அவர். அவ்வளவுதான் பேச்சு. பேசாத ஒன்றும் இருந்தது. அந்த வரப்பில் ஏறும் முன் அக்கா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வார். அக்காவின் அம்மா அங்கே கூலிக்குப் போன காலத்தில் இருந்த வழக்கம் அது. இந்தக் காலத்திலும் அது எதற்கு என்று எனக்குப் பொறுக்காது. ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"கால்ல முள்ளு குத்துனா புடுங்கிப் போட்டுடலாம். வழிய அடைச்சா என்னத்தப் புடுங்குறது?" என்றார்.

பிறகு பைக்கில் ஒரு கூட்டம் வந்தது. மொட்டைப் பாறையில் ஏறிப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். அவர்கள் வந்த தடத்தை அவர்களுடைய ஃபோன் பதிவு செய்திருந்தது. மலை ஏறுகிறவர்களும் சைக்கிளில் ஊர் சுற்றுகிறவர்களும் பார்க்கும் ஒரு மேப் ஆப்பில், அய்யம்பெருமாளின் வரப்பு பச்சைக் கோடாக ஏறிவிட்டது. எளிய பாதை, மாலையில் அழகான காட்சி என்று குறிப்பு வேறு. அது யாருடைய நிலம் என்று அந்த ஆப்பை நடத்துகிறவர்களில் ஒருவர்கூட எங்கள் ஊரில் வந்து விசாரிக்கவில்லை.

அதன் பிறகு ஞாயிறு தோறும் கூட்டம். எல்லோரும் ஷூ போட்ட காலோடு அந்த வரப்பில் நடந்தார்கள். அய்யம்பெருமாள் அவர்களிடம், "பாத்துப் போங்க தம்பி" என்பார். வெங்காயப் பாத்தியில் பிரியாணிப் பொட்டலமும் பீர் பாட்டிலும் கிடந்தன. ஒரு திங்கட்கிழமை களை எடுக்கக் குனிந்தபோது அக்காவின் கை மனிதக் கழிவில் பட்டது. மண்ணைப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். அன்று மதியம் தூக்குவாளியைத் திறந்தவர், கையை முகர்ந்து பார்த்துவிட்டு மூடி வைத்துவிட்டார். 

அடுத்த ஞாயிறு வந்த கூட்டத்தை அக்கா மறித்தார். அதில் முன்னால் வந்தவர் சுகன்யா மேரி, வரதராஜன்பேட்டைக்காரர், பள்ளி ஆசிரியை.

"எங்கம்மா போறீங்க?"

"பாறைக்குங்க. மேப்புல வழி காட்டுது."

"மேப்பு காட்டும். இங்க கெடக்குற பீய யாரு அள்ளுறது? அந்த மேப்பா?"

டீச்சருக்கு முகம் செத்துவிட்டது. கூடவந்தவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டு, அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து ஃபோனைக் காட்டினார்.

"மன்னிச்சுக்குங்க. இத தனியார் பாதைன்னு மாத்தச் சொல்லி எழுதலாம். மாத்திட்டா யாரும் வரமாட்டாங்க."

"மாத்துங்க டீச்சர், நீங்க நல்லா இருப்பீங்க" என்று ஒரு பிடி வெங்காயத்தைப் பச்சைத் தாளோடு பிடுங்கிக் கொடுத்தார் அக்கா.

மாறியது. பச்சைக் கோடு சிவப்புப் புள்ளிகளானது. தொட்டால், 'தனியார் பாதை, உரிமையாளரின் அனுமதி தேவை' என்று வந்தது. கூட்டம் குறைந்தது. ஆனால் அனுமதி வாங்கி நடந்துகொண்டிருந்த ஒருத்தியைப் பற்றி அந்த மேப்பில் ஒரு வார்த்தை இல்லை. அதைக் குறிக்க அதில் இடமும் இல்லை. அக்காவுக்கும் டீச்சருக்கும் அது அப்போது தோன்றவில்லை. அய்யம்பெருமாளுக்குத் தோன்றியது. அவருடைய மகன் ஃபோனில் எடுத்துக் காட்டியிருக்கிறான்.

வெங்காயம் பிடுங்கிப் போட்டிருந்த நேரம். வானம் கறுத்துக்கொண்டு வந்தது. மூட்டைகளை வெளியே எடுக்க என்னையும் ஆட்களையும் கூட்டிக்கொண்டு அக்கா போனால், வரப்பின் வாயில் சீமைக்கருவேல முள்ளை மலையாகக் குவித்துவிட்டுப் பக்கத்தில் நின்றிருந்தார் அய்யம்பெருமாள்.

"ஐயா, காயி நனைஞ்சா அழுவிப் போயிடுங்க. வழி விடுங்க" என்றார் அக்கா.

அய்யம்பெருமாள் ஃபோனை நீட்டினார். "தனியார் பாதைன்னு ஒலகத்துக்கே போட்டாச்சு. நீதான் போடச் சொன்னியாம்?"

"அது வெளியாளுக்குங்க."

"நீ யாரு? இதுல ஒம் பேரு எங்க இருக்கு, காட்டு." பிறகு குரலை இறக்கினார். "ஒரு வெலயச் சொல்லு அம்சவள்ளி. நானே வாங்கிக்கிறேன். ஒனக்கும் நடக்குற தொல்ல வுட்டுது."

அவருக்கு என்ன வேண்டும் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஊரே சீண்டாத துண்டு, அக்கா பண்படுத்திய பிறகு அவருக்கு இனிக்கிறது.

"வெங்காயம் அழுவட்டும். நெலம் கெடைக்காது" என்று திரும்பிவிட்டார் அக்கா.

அக்கா கொடுத்த புகாரை விசாரிக்க வந்த அதிகாரி முள்ளைப் பார்த்தார், ஃபோனைப் பார்த்தார். "பேசித் தீத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு அய்யம்பெருமாள் கொடுத்த இளநீரைக் குடித்தார். விஷயம் தெரிந்து டீச்சர் ஃபோனில் அழுதார். திரும்ப மாற்றிவிடட்டுமா என்று கேட்டார். "வேணாம் டீச்சர். மாத்துனா அந்தக் கூட்டம் வரும், மாத்தாட்டி இந்த ஆளு. ரெண்டுல எது நாத்தம் கம்மின்னு நான் மோந்து பாக்கணும்" என்றார் அக்கா.

மழை விழுவதற்குள் மூட்டைகளை எடுக்க மீதி இருந்த வழி பாறை ஒன்றுதான். அது புறம்போக்கு. ஆடுகள் ஏறும் தடம் ஒன்று மறுபக்கத் தார்ச்சாலைக்கு இறங்குகிறது. எங்கள் தெருப் பெண்கள் வந்தார்கள், நானும் போனேன். ஆளுக்கொரு சிறு மூட்டை.

"ஏண்டி அம்சா, மூட்ட தூக்க வான்னு சொல்லிப்புட்டு மலைக்குப் படியேற வெக்கிறியே, மொட்டையும் அடிச்சு வுடுவியா?" என்று மூச்சுவாங்கினார் இருசம்மாள்.

உச்சியில் ஒரு பையன் நின்றிருந்தான். டவுன்காரன், தார்ச்சாலைப் பக்கமிருந்து ஆட்டுத் தடத்தில் ஏறிவந்தவன், காதில் இயர்ஃபோன்.

"சூப்பர்க்கா! இந்தப் பக்கமும் வழி இருக்கா?"

"ஃபோன்ல என்ன ஓடுது?" என்றார் அக்கா.

"வந்த ரூட் பதிவாவுது. ஆப்ல போட்டா நாலு பேருக்கு யூஸ் ஆவும்."

"அழி."

"இது பொது எடந்தானேக்கா..."

"அழி."

அக்கா மூட்டையை இறக்கவில்லை. பின்னால் ஏறிவந்த பெண்கள் ஒவ்வொருவராக அந்தச் சரிவில் நின்றுவிட்டார்கள். எல்லோருடைய கழுத்து நரம்பும் புடைத்திருந்தது.

"தம்பி, வெரசா அழிச்சுடு. அவ தலையில இருக்குறது எறங்குனா ஒந்தலையிலதான் எறங்கும்" என்றார் இருசம்மாள்.

அவன் எதையோ தட்டினான். அக்கா என்னைப் பார்த்தார். நான் அவன் ஃபோனை வாங்கிப் பார்த்து, போய்விட்டது என்றேன்.

"இன்னொரு தடவ பாரு."

பார்த்தேன். இல்லை. அவன் முணுமுணுத்துக்கொண்டே ஃபோனைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினான். அவன் தலை பாறைக்குப் பின்னால் மறையும்வரை அக்கா அசையவில்லை. அதன் பிறகுதான் மூட்டையைச் சரிசெய்துகொண்டு, தார்ச்சாலைப் பக்கச் சரிவில் முதல் அடி வைத்தார்.