மாமியை வலப்பக்கம் இருத்திய கதை

பத்து வயதில் நான் ஒரு கல்யாணத்தைக் காப்பாற்றியிருக்கிறேன். இதைச் சொன்னால் வீட்டில் எல்லோரும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அன்றைக்கு அங்கே உருப்படியாக ஒரு வேலை பார்த்தது நான் மட்டும்தான்.

என் மாமிக்கு, அதாவது அப்பாவின் தங்கைக்கு, வலது காது கேட்காது. இடம்பெயர்ந்து ஓடிய நாளொன்றில் பக்கத்தில் செல் குண்டு விழுந்து வெடித்ததில் போன காது அது. விடத்தல்தீவில் எங்கள் வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. பேசாமலே எல்லோரும் அவருடைய இடப்பக்கமாக நடக்கப் பழகியிருந்தோம். முதலில் வந்த சம்பந்தம் இந்தக் காதால்தான் குழம்பியது. அதனால் அடம்பனிலிருந்து இரண்டாவது சம்பந்தம் வந்தபோது, கல்யாண விருந்து முடியும் வரை யாரும் காதைப் பற்றி மூச்சு விடக்கூடாது என்று அப்பா எங்களை இருத்தி வைத்துச் சொன்னார். சொல்லும்போது என்னை மட்டும் இரண்டு தடவை பார்த்தார்.

மாதா கோயிலில் எல்லாம் நல்லபடி நடந்தது. சுவாமியார் ஒலிபெருக்கியில் சம்மதமா என்று கேட்டார், மாமி சரியாகப் பதில் சொன்னார், தாலியும் ஏறியது. வில்லங்கம் பக்கத்து மண்டபத்தில்தான் காத்திருந்தது. மேடையில் இரண்டு பொன்னிறக் கதிரைகள். பொம்பிளை மாப்பிள்ளைக்கு இடப்பக்கம் இருப்பதுதான் முறை. அப்படி இருந்தால் மாப்பிள்ளை பேசுவதெல்லாம் மாமியின் கேளாத காதில்தான் விழும். மூன்று மணி நேரம் ஒருவர் பேச மற்றவர் பேசாமல் இருந்தால் சபை என்ன நினைக்கும்?

அப்பா மெல்ல மேடைக்குப் போய், "பொம்பிளையை வலப்பக்கம் இருத்தினால் படத்துக்கு வெளிச்சம் நல்லா விழும்" என்று தொடங்கினார். மாப்பிள்ளையின் அக்கா அங்கேதான் நின்றார். காலையிலிருந்து எங்கள் எல்லோரையும் மேய்த்துக்கொண்டிருந்தவர் அவர்.

"வெளிச்சத்தை மாத்தச் சொல்லுங்கோ அண்ணை. முறையை மாத்தேலாது."

கடலில் எந்தக் காற்றுக்கும் அசையாத அப்பா, அடம்பன் அக்காவின் ஒரு சொல்லுக்கு மேடையை விட்டு இறங்கி வந்தார். தாலி கட்டிய பிறகு கல்யாணத்தை யாராலும் திருப்பி எடுக்க முடியாது என்பது எனக்கு அப்போது தெரியாது. மாமியை மேடையிலிருந்தே திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று எண்ணினேன்.

சோடி கோயிலிலிருந்து வந்து இறங்க, வாசலில் பட்டாசு வெடித்தது. எல்லோரும் அந்தப் பக்கம் திரும்பினார்கள். நான் மேசையிலிருந்த சிவப்புச் சோடாப் போத்தலை எடுத்துக்கொண்டு மேடையில் ஏறி, பொம்பிளைக்கென்று வைத்த இடப்பக்கக் கதிரையின் வெள்ளை மெத்தையில் முழுவதையும் கவிழ்த்தேன். போத்தலைத் திரைச்சீலைக்குப் பின்னால் வைத்துவிட்டு, வந்த வழியே இறங்கி, நல்ல பிள்ளையாக நின்றேன்.

"ஐயோ, ஆர் இதில ஊத்தினது?" என்று அக்கா கத்தினார். வேறு சோடிக் கதிரை இல்லை. துவாய் போட்டார்கள், துவாயும் சிவந்தது. அதற்குள் சோடி மேடைக்கு வந்துவிட்டது. மாப்பிள்ளை கதிரையைப் பார்த்தார், மாமியின் வெள்ளைச் சேலையைப் பார்த்தார்.

"என்ர கோட் கறுப்புத்தானே அக்கா. நான் இதில இருக்கிறன்."

இருந்துவிட்டார். மாமி வலப்பக்கம் இருந்தார். அன்று முழுக்க மாப்பிள்ளை சரிந்து சரிந்து ஏதோ சொன்னார், மாமி கேட்டுக் கேட்டுச் சிரித்தார். மேடையில் அப்படிச் சிரித்த பொம்பிளையை எங்கள் ஊர் அதுவரை கண்டதில்லை. அப்பா என்னைத் தேடி வந்து, ஏன் என்று சொல்லாமலே மூன்று கேக் துண்டுகளைக் கையில் திணித்தார். நான் மண்டபத்தைச் சுற்றி ராணி மாதிரி நடந்தேன். எனக்கு அவ்வளவு சந்தோசம்.

போன வருடம்தான் இந்த வீரத்தை மாமாவிடம் சொன்னேன். அந்த மாப்பிள்ளைதான் எனக்கு மாமா. அவர் கொஞ்சம்கூட ஆச்சரியப்படவில்லை.

"நீ ஊத்தேக்க நான் வாசலில நிண்டு பாத்தனான் பிள்ளை. அக்காவை எப்பிடிச் சமாளிக்கிறதெண்டு யோசிச்சுக்கொண்டு வந்தனான். நீ வேலையை முடிச்சிட்டாய்."

கல்யாணம் பேசிய கிழமையே மாமி அவரைத் தொலைபேசியில் கூப்பிட்டு, தன் வலது காது கேட்காது, சம்மதமென்றால் மட்டும் வாருங்கோ என்று சொல்லியிருக்கிறார். அதோடு இன்னொன்றும் கேட்டிருக்கிறார். "உங்களுக்குத் தெரியுமெண்டு அண்ணனுக்குக் காட்டிக்கொள்ளாதேங்கோ. எனக்காகப் பொய் சொல்லித் திரியிறார், பாவம்."

மண்டபத்தில் நாங்கள் எல்லோரும் ஓடி ஓடி ஓர் இரகசியத்தைக் காத்துக்கொண்டிருந்தோம். மேடையில் அந்த இருவரும், ஒருவர் ஈரக் கதிரையில் இருந்தபடி, சிரித்துக்கொண்டே அப்பாவைக் காத்துக்கொண்டிருந்தார்கள்.