கிளினிக் கொப்பியில் ஏறிய பேர்கள்

மனநோய் கிளினிக்கில் மொழிபெயர்க்கிறவருக்கு ஊசி, மருந்து எதுவும் வேண்டாம். ஒரு சொல்லை விட்டாலே ஒரு ஆளை நோயாளி ஆக்கிவிடலாம்.

நான் இரத்தினபுரிப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் சிற்றூழியராகச் சேர்ந்தவள். றக்வானத் தேயிலைத் தோட்டத்தில், கூலி ஆட்கள் குடியிருக்கிற லயத்தில் பிறந்து சிங்களப் பள்ளியில் படித்ததால் இரண்டு மொழியும் வரும். டாக்டருக்குத் தமிழ் வராது. துடைப்பத்தைச் சாத்திவிட்டு அவர் பக்கத்தில் நிற்கச் சொன்னார்கள். இரண்டு மொழி தெரிந்த பாவத்துக்கு நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் உங்களிலும் இருப்பார்கள். உங்களிடம் சொன்னால்தான் எனக்குக் கொஞ்சம் ஆறும்.

விட்டுப்போன 'மாதிரி'

செல்வமணி கொழுந்து பறிக்கிறவர். புருஷன் இறந்து மூன்று மாதம். தூக்கமில்லை என்று வந்தார். "விடியக்காலையில அவரு என்னைக் கூப்பிடுற மாதிரியே இருக்குங்க" என்றார். வெளியே வரிசை நீண்டுகொண்டிருந்தது. "செத்துப்போன கணவனின் குரல் கேட்கிறதாம்" என்று சிங்களத்தில் முடித்துவிட்டேன். டாக்டர் மேலும் இரண்டு கேள்வி கேட்டார். அதற்கும் அவசரமாகத்தான் பதில் சொன்னேன். நோயாளிகள் கையோடு கொண்டுவருகிற கிளினிக் கொப்பியில், நோயின் பேர் மனச்சிதைவு என்று ஏறியது. ஒரு வருடம் மாத்திரை. கை நடுங்கி, கொழுந்து பிடிபடாமல், அவரைப் பறிப்பிலிருந்தே நிறுத்திவிட்டார்கள்.

அடுத்து வந்த டாக்டரம்மா எல்லாவற்றையும் முதலிலிருந்து விசாரித்தார். இந்த முறை செல்வமணி சொன்னதை அப்படியே சொன்னேன். "இது துக்கம்தானே!" என்று அவர் பழைய பேரை வெட்டி, மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். வெளியே வந்து செல்வமணியின் கையைப் பிடித்து, அன்றைக்கு நான் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்றேன். அவர் ஆச்சரியப்படவே இல்லை. "எனக்குச் சிங்களம் வெளங்குங்க. ஆஸ்பத்திரிக்காரங்க பேசுறப்ப நாங்க குறுக்க பேசலாமா?"

நெஞ்சுவலி

ராமையா ரப்பர் பால் வெட்டுகிறவர். அவர் கொப்பியில் பதற்ற நோய் என்று எழுதியிருந்தது. ஒரு கிளினிக் நாளில் வாசலிலேயே நின்று, "நெஞ்ச அடைக்குதும்மா" என்றார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, கொப்பியைத்தான் பார்த்தேன். டாக்டரிடம் கேட்கவும் இல்லை. "பதற்றந்தான் ஐயா, மூச்சை இழுத்து விடுங்க" என்று பெஞ்சில் உட்காரவைத்தேன். கொஞ்ச நேரத்தில் பெஞ்சிலிருந்து சரிந்துவிட்டார். மாரடைப்பு.

பிழைத்துக்கொண்டார். வார்டுக்கு ஆரஞ்சு கொண்டுபோய், கட்டில் ஓரமாக நின்று உரித்துக் கொடுத்தேன். அவரே பேசினார்: "அடுத்த தடவ வலிச்சா, கொப்பியை வீட்ல வச்சிட்டு வர்றேம்மா."

பஸ்ஸில் கேட்ட கேள்வி

இதைத்தான் என்னால் யாரிடமும் சொல்ல முடிந்ததில்லை.

சுகந்தி எங்கள் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை. உயர்தரப் பரீட்சைக்கு முன்னால் மூன்று நாள் தூங்காமல் படித்து, படபடவென்று பேசத் தொடங்கியதால் கூட்டிவந்தார்கள். இருமுனை நோயாக இருக்கலாம் என்று எழுதினார்கள். இரண்டு வருடம் பார்த்துவிட்டு, அப்படி எதுவும் இல்லை என்று டாக்டரம்மா அதையும் வெட்டினார். நான்தான் அதைத் தமிழில் சொன்னேன். அந்தப் பிள்ளை சிரித்த சிரிப்பு இப்போதும் கண்ணில் நிற்கிறது.

அடுத்த மாதம் பஸ்ஸில் ஒரு அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மகனுக்குச் சுகந்தியைப் பேசியிருக்கிறார்களாம். "அந்தப் புள்ள ஒங்க கிளினிக்குக்கு வருதாமே?" வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டியவள் நான். எனக்குத் தெரியும் என்ற பெருமையில், "ஆமா, ரெண்டு வருசமா வந்துச்சு. ஏதோ பெரிய பேரு உள்ள நோயி" என்றேன். சம்பந்தம் நின்றுபோனது.

சுகந்தி என்னைத் தேடி ஆஸ்பத்திரிக்கே வந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். மெதுவாகக் கேட்டாள்: "டாக்டரம்மா பேரை வெட்டுனப்ப நீங்களுந்தானே பக்கத்துல நின்னீங்க, அக்கா? அதையும் சேத்துச் சொல்லியிருக்கலாமே."

இப்போது புதிதாக வருகிற டாக்டர்களிடம் என்னை நல்ல மொழிபெயர்ப்பாளர் என்று அறிமுகப்படுத்துகிறார்கள். மூன்று ஆட்களைச் செலவழித்து நான் வாங்கிய பேர் அது.