ஒரு எஞ்சின், இரண்டு வாளி எரு

அன்றைக்கு வண்டியில் இருந்தவர்கள் மூன்று பேர். மல்லசமுத்திரத்துக்குத் தெற்கே எட்டாயிரம் முட்டைக்கோழி வைத்திருக்கும் நான். வேலிக்கு அந்தப் பக்கம் பன்னிரண்டாயிரம் வைத்திருக்கும் நல்லசிவம். குட்டியானை என்கிற மினி லாரியை ஓட்டிய செல்வராசு. ஆத்தூர்ப் பக்கம் காத்திருந்தவர் என் சகலை மாதேசு, கொழுந்தியாளைக் கட்டியவர். நல்லசிவத்தை நான் கூப்பிடவே இல்லை. வண்டி பேசியது எப்படியோ காதில் விழுந்து, காலை ஐந்தரைக்கு, என்னைப் போலவே சகலையிடம் காட்ட ஒரு வாளி கோழி எருவோடு வந்து நின்றார்.

"ஏனுங்கண்ணா, நானும் பாத்துட்டு வாரேனுங்க. வாடகைல பாதி என்னுது."

வாடகை மூவாயிரம். பாதி மிச்சமானதில் சந்தோஷம் வரவில்லை, வயிறுதான் எரிந்தது.

போன சித்திரையில் மத்தியானம் கரண்டு போய், டீசல் ஜெனரேட்டரும் மக்கர் பண்ணி, கொட்டகைக்குத் தண்ணீர் தூவ முடியாமல் ஒரே நாளில் எனக்கு முந்நூறு கோழி செத்தது. இந்த வருடமும் அப்படி ஆனால் பண்ணையை மூட வேண்டியதுதான். சகலை ஊரில் அவரோடு சேர்த்து ஐந்து தோட்டக்காரர்களும், ஜவ்வரிசி செய்யும் ஒரு சேகோ ஆலையும் சேர்ந்து, மரவள்ளிக் கிழங்கு கழுவிய கழிவுத் தண்ணீரில் கேஸ் எடுத்து, எஞ்சின் ஓட்டி, கரண்டு உண்டாக்குகிறார்கள். இப்போது பெரிய எஞ்சின் வாங்கிவிட்டதால் பழையதை விற்கிறார்கள். என்னிடம் கோழி எரு மலையாகக் கிடக்கிறது, அதிலும் கேஸ் எடுக்கலாம். அந்த எஞ்சின் எனக்கு வேண்டும், எனக்கு மட்டும்.

ஆட்டையாம்பட்டியில் டீயும் ஒரு பொட்டலம் கைமுறுக்கும். சேலம் தாண்டி வாழப்பாடியில் இட்லி. வழியெல்லாம், டயர் வெடித்தால் என்ன, எஞ்சினை வேறு யாராவது கொண்டுபோயிருந்தால் என்ன என்றே ஓடியது மனது. நல்லசிவம் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டு வந்தார். அந்தத் தூக்கம் எனக்கு வாய்த்ததே இல்லை.

எண்பத்தைந்து கிலோமீட்டர். ஆத்தூர் நெருங்கும்போதே, வெள்ளை மாவு காயும் களங்களும் புளித்த நாற்றமும் வந்துவிட்டன. அந்த நாற்றத்தைத்தான் சகலை காசாக்கியிருந்தார். ஆலைக்குப் பின்னால் குட்டையை மூடிய கறுப்பு ஷீட், கேஸ் நிறைந்து சினை எருமை வயிறு மாதிரி உப்பி நின்றது. பக்கத்துக் கொட்டகையில், இன்னும் கழற்றாத அந்தப் பழைய எஞ்சின்.

நாங்கள் நின்றுகொண்டிருக்கும்போதே மெயின் கரண்டு போனது. எஞ்சினைத் தட்டிவிட்டார்கள். ஓடியது.

"மொதல்ல ஆலைக்கு ரெண்டு மணி நேரம், அப்பறம் தோட்டத்துக்கு ஆளுக்கு ஒரு மணி" என்றார் சகலை. "பங்குக் கெணத்துல தண்ணிக்கு முறை வச்ச மாதிரிதான் சகல."

அதற்குள் வரப்பிலிருந்து ஒருவர் கத்தினார்: "மாதேசு, என் முறைய நீயே போட்டுக்கோபா, நான் இன்னிக்கி களை வெட்டறேன்!"

அவ்வளவுதான் பேச்சு. எங்கள் ஊரில், வேலியோரத்து வேப்பங்கிளை யாருடையது என்று ஆறு வருடமாக நானும் நல்லசிவமும் பேசி முடிக்கவில்லை. இந்த ஊர்க்காரர்களைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஆற்றாமை தாங்கவில்லை.

சகலை என் வாளியைத் திறந்து மோந்தார். முகம் சுளித்தார்.

"என்னா சகல, பிளீச்சிங் பவுடர் வாடை அடிக்குது?"

"ஈ வரக்கூடாதுன்னு தூவறதுதானுங்க."

"காலைல ஒருக்கா, சாயங்காலம் ஒருக்கா தூவுவாருங்க" என்று நல்லசிவம் சிரித்தார். "ஈ பறந்தாலே இவருக்குத் தூக்கம் போயிரும். எம்பட கொட்டாய்ல அதெல்லாம் இல்லீங்க. சோம்பேறித்தனம்."

"இது குழிக்குள்ள போனா கேஸ் உண்டாக்கற கிருமியெல்லாம் செத்துரும். இங்க ஒருத்தர் பினாயில் ஊத்திக் கழுவுன தண்ணிய உள்ள விட்டுட்டாரு. ரெண்டு வாரம் எஞ்சின் படுத்துருச்சு." நல்லசிவத்தின் வாளியைத் திறந்தார். "இதான் சரக்கு!"

நாள் தவறாமல் சுத்தம் பார்த்தவன் நான். பாராட்டு சோம்பேறிக்கு.

"தூவறத நாளைக்கே நிறுத்தறனுங்க" என்றேன். "எஞ்சினை எனக்குக் கொடுங்க."

"எட்டாயிரம் கோழி எருவுக்கு மூணு மணி நேரம் ஓடும். வெயில் பதினொண்ணுலேர்ந்து அஞ்சு வரைக்கும் கொளுத்துமே? ரெண்டு பண்ணை எருவும் சேந்தாத்தான் தாங்கும். தனியாளுக்குத் தரமாட்டோம் சகல. அங்க போய் ஓடலன்னா எங்களுக்குத்தான் கெட்ட பேரு."

"சொந்தக்காரன்னுகூடப் பாக்க மாட்டீங்களா?"

"பாத்துத்தான் சொல்றேன்."

முந்நூறு கோழியை வரிசையாகப் போட்டுப் புதைத்த குழி கண்ணில் வந்தது. நல்லசிவத்தைப் பார்த்தேன்.

"எருக்குழி எம்பட நெலத்துல வெட்டிக்கலாங்க, அதான் பள்ளம்" என்றார் அவர். குழியும் அவருக்கு!

"கரண்டு போனா மொத முறை யாருக்கு?"

"உங்களுக்கே வெச்சுக்கங்க. எம்பட கொட்டாய்க்கு மேக்கால புளியமரம் நெழல் இருக்குதுங்களே, கோழி கொஞ்ச நேரம் தாங்கும்."

நிழலும் அவருக்கு. ஆனால் முதல் முறை எனக்கு. சரி என்று தலையாட்டினேன்.

விலை நாலு லட்சத்து இருபதாயிரம். நல்லசிவம் அங்கேயே தன் பாதிக்கு செக் கிழித்துக் கொடுத்தார். நான் இடுப்பில் முடிந்து வந்த ஐம்பதாயிரத்தை எடுத்து வைத்தேன். மீதிக்குச் சித்திரை வரை தவணை கொடுத்தார் சகலை. மாலை நான்கு மணிக்கு எஞ்சினை ஏற்றிக்கொண்டு வண்டி கிளம்பியது. வாழப்பாடி தாண்டியதும் அவர் மெதுவாகக் கேட்டார்: "ஏனுங்கண்ணா, உங்க மீதிய நான் போட்டுடட்டுங்களா? மெதுவாக் குடுங்க."

"வேண்டாம்" என்றேன். கடன்பட்டாலும் சகலைக்குத்தான் படுவேன், வேலிக்கு அந்தப் பக்கம் அல்ல. சித்திரை பிறப்பதற்குள் நான் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டிய பாக்கி, ஒரு லட்சத்து அறுபதாயிரம் ரூபாய்.