நிண்டு பாக்கிற வெள்ளி

ஜும்ஆவுக்குப் பாங்கு சொன்னதும் எங்கள் வீட்டுத் தையல் மெஷின் வாயை மூடிக்கொள்ளும். ஊர் ஆண்கள் பள்ளிக்குப் போயிருக்கும் அந்த நேரத்தில், உம்மாவும் அவருடைய தங்கச்சியான என் சாச்சியும் பாயில் உட்கார்ந்து, அந்தக் கிழமை ஏழு நாளும் தைத்த தொப்பிகளைப் பரப்புவார்கள். எது நன்றாக வந்தது, எது பிழைத்தது, வருகிற கிழமை எதை மாற்றுவது என்று பேசுவார்கள். ஓடுகிற வேலையை நிறுத்தி, நின்று பார்ப்பது; உம்மா அதற்கு வைத்த பெயர் ‘நிண்டு பாக்கிற’. கடைசியில் புதுத் தொப்பி ஒன்றை எடுத்து வாப்பாவின் பழைய தொப்பியோடு சேர்த்து வைத்து அளவு பார்ப்பார். இரண்டும் ஒத்துப்போனால்தான் பாயை விட்டு எழும்புவார்.

அது எண்பதுகளின் தொடக்கம். சாய்ந்தமருதில் இருந்தோம். வாப்பா மௌத்தாகி, அடக்கம் செய்து இரண்டு வருடமாகியிருந்தது. சம்மாந்துறையில் வயலும் உழவு மெஷினும் வைத்திருந்த உம்மாவின் காக்கா, என் பெரிய மாமா, ஒரு கெடு வைத்திருந்தார்: நோன்புப் பெருநாளுக்குள் இந்தத் தொப்பித் தொழில் கால் ஊன்றாவிட்டால், என்னைத் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவார். அவர் கெட்டவரல்ல. அவர் வீட்டில் சோற்றுக்குக் குறைவில்லை, என் வயதில் மச்சிமார் இரண்டு பேரும் இருந்தார்கள். உம்மா மட்டும் அங்கே இல்லை. பத்து வயதில் எனக்கு அந்த ஒரு காரணமே போதும்.

அந்த வருடம் கல்முனைப் பசாரில் ஒரு முதலாளி பெருநாளுக்கு இருபது டசன் தொப்பி கேட்டார். துணியில் அட்டையை வைத்து, சோக்கால் கோடு போட்டு வெட்டுவது என் வேலை. வாப்பாவின் தொப்பியை அளந்து உம்மா வெட்டிய அட்டை அது. முதல் நோன்பன்று, விசிறி கைக்கு அகப்படவில்லை என்று அந்த அட்டையால் அடுப்பை விசிறினேன். ஓரம் பற்றிக்கொண்டது. அணைத்திருக்கலாம், நான் மீதியையும் அடுப்புக்குள் தள்ளிவிட்டேன். தடயத்தை அழிப்பதில் எனக்கிருந்த கெட்டித்தனம் வேறெதிலும் இருந்ததில்லை.

மறுநாளிலிருந்து, தினமும் முந்தின நாள் வெட்டிய துணியில் ஒன்றை ஒளித்து வைத்து அதையே அட்டையாகப் பாவித்தேன். கோட்டுக்கு வெளியே வெட்டுகிற பழக்கம் எனக்கு. அதனால் ஒவ்வொரு நாளும் அளவு ஒரு நூல் கூடியது. முதல் வெள்ளி, உம்மா தொப்பியை வாப்பாவின் தொப்பியோடு வைத்துப் பார்த்தபோது நான் சோக்கைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டேன். கொஞ்சம் பெரிதாக இருக்கிறதோ என்று சாச்சி இழுத்தார். உம்மா தொப்பியை மடித்து வைத்துவிட்டார்.

இரண்டாம் வெள்ளி, பாங்கு சொன்ன பிறகும் மெஷின் ஓடியது. வேலை தலைக்கு மேல் கிடக்கிறதாம், நிண்டு பார்க்க நேரமில்லையாம். அல்ஹம்துலில்லாஹ் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். மூன்றாம் வெள்ளியும் அப்படியே போனது. ஆனால் எனக்கு நிம்மதி வரவில்லை, பயம்தான் கூடியது. மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கவிழ்த்திருந்த தொப்பி அடுக்கு மேலே போகப் போக அகன்றுகொண்டு வந்தது. நான் மட்டும் அதைக் காண்பதும் வீட்டில் வேறு யாரும் காணாததும் எனக்குப் பெரிய ஆச்சரியம். நோன்பு திறக்கும்போது கஞ்சியைப் பாதியிலேயே வைத்துவிடுவேன். மாமாவின் உழவு மெஷின் வாசலில் வந்து நிற்பதாக நினைத்துத் திடுக்கிடுவேன்.

நான்காம் வெள்ளியும் பாங்கு சொன்னது. மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை.

“உம்மா, நிண்டு பாப்பமா?”

உம்மாவின் கால் மிதியிலேயே நின்றுவிட்டது. திரும்பாமலே, “ஏன் மகள்?” என்று கேட்டார்.

“அட்ட எரிஞ்சி போயிட்டு உம்மா. நாந்தான் எரிச்சன். தொப்பியெல்லாம் பெரிசா இரிக்கி. என்ன மாமா ஊட்டுக்கு அனுப்பாதீங்க.”

அடி விழும் என்று கண்ணை மூடினேன். விழவில்லை. உம்மா மெஷினைத் துணியால் மூடிவிட்டுப் பாயை விரித்தார். அவர் முகத்தில் கோபத்தைத் தேடினேன். கனத்த மூட்டையை இறக்கி வைத்த ஆளின் முகம்தான் இருந்தது.

“எல்லாத்தையும் கொண்டு வா புள்ள. ஒண்டொண்டாப் பாப்பம்,” என்றார்.

புது அட்டை வெட்டினோம். மூன்று பேருமாகப் பிரித்து, குறைத்து, திரும்பத் தைத்தோம். பதினாறு டசன்தான் முடிந்தது. முதலாளி முகத்தைச் சுளித்தாலும் எடுத்துக்கொண்டார், ஹஜ்ஜுப் பெருநாளுக்கும் கேட்டார். பெருநாளன்று மாமா வந்தபோது உம்மா வட்டிலப்பத்தை நீட்டிக்கொண்டே, “புள்ள இஞ்சதான் இரிப்பா காக்கா,” என்றார். மாமா வட்டிலப்பத்தைச் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

பெருநாளுக்கு முன் தொப்பிகளைப் பிரித்துக்கொண்டிருந்தபோது ஒன்றைக் கண்டேன். இரண்டாம் கிழமைத் தொப்பிகளில் பத்துப் பன்னிரண்டு சரியான அளவில் இருந்தன. உள்ளே துணியை மடித்துக் கையால் தைத்திருந்தது. அது உம்மாவின் கைத்தையல். மெஷின் தையல் இருக்க இது எதற்கு என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. அந்தக் கிழமையாவது ஒழுங்காக வெட்டியிருக்கிறேனே என்று எனக்குப் பெருமை பிடிபடவில்லை. என்னை அனுப்ப வேண்டி வந்துவிடுமோ என்று, பிழையைக் கண்டும் நின்று பார்க்கத் துணியாமல் மூன்று கிழமையாக உம்மாவும் ஓடிக்கொண்டிருந்தார் என்பதை நான் நினைத்தும் பார்க்கவில்லை. தொப்பிகளைத் தூக்கிக் காட்டி, இதெல்லாம் நான் சரியாக வெட்டியவை என்றேன்.

உம்மா ஊசியில் நூல் கோத்தபடி, “ஓம் மகள், அதெல்லாம் நல்லா வெட்டியிரிக்காய்,” என்றார்.